காய்ப்பு என்று நினைத்தேன்

பெனடிக்ட் பின்னால் நின்று கத்திக்கொண்டே இருந்தான். நான் திரும்பவில்லை.

"டேய் ராஜு, ஓட்டோ கீழதானடா நிக்குது! ஏறிப் போவோம்டா!"

மானாப்புல் இடுப்பளவு நின்றது. காலையில் பெய்த மழை இன்னும் புல்லில் இருந்ததால் காற்சட்டை தொடை வரை நனைந்துவிட்டது. என் வில் மேலே புல்வெளியில் நான் போட்ட இடத்திலேயே கிடந்தது. வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டிருந்தேன். அது உள்ளேதான் இருக்கிறதா என்று இரண்டு முறை குனிந்து பார்த்துக்கொண்டேன். இந்தப் பழக்கம் அப்போது வந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது.

வட்டவளைக்கு இறங்கி, அங்கிருந்து ரயில் பாதை வழியாக றொசல்லவுக்கு நடந்தேன். அங்கே தோட்டத்து வரிசை வீடான லயம் ஒன்றில் என் அக்கா இருக்கிறாள். நடந்து முடிகிற வரைக்கும் ஒன்றைத்தான் நினைத்தேன். இந்தக் கை இனித் திரும்புமா, திரும்பாதா.

சுண்டு விரல் மரத்துப்போய், அதைப் பெரிதாக எடுக்காமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புவரைதான் படித்தவன். டொக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரே இடத்தில் இருப்பது எனக்கு வராது. கொழும்பில் ஹோட்டலில் மேசை துடைத்தேன். பொல்பிட்டியப் பக்கம் கொங்கிரீட் சுமந்தேன். பொலன்னறுவையில் அரிசி ஆலையில் ஒரு போகம் நின்றேன். கடைசியாக மலைக்குத் திரும்பி, தோட்டத்தில் கவ்வாத்துக்குச் சேர்ந்தேன். வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டமாக வெட்டிவிடும் வேலை அது. ஒருவருக்கு இத்தனை செடி என்று, வேலையைக் கண்காணிக்கிற கண்டாக்கு பிரித்துக் கொடுப்பார். வெட்டி முடித்தால் போகலாம். வேகமாக வெட்டுகிறவனுக்குப் பகலிலேயே நாள் முடிந்துவிடும். எனக்கு அந்த வேலை பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

மிச்ச நேரத்தில் பெனடிக்டும் நானும் வில் எய்தோம். அவன் ஓட்டோ ஓட்டுகிறவன், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன். போனில் வீடியோ பார்த்துத்தான் இருவரும் பழகினோம். கித்துள் மரத்தைச் சீவி வில் செய்தோம். மெல்லிய மூங்கிலும் சேவல் இறகும் அம்பானது. சாக்கில் புல்லைத் திணித்து அதையே குறியாக வைத்தோம். வேட்டைக்குப் போனதில்லை. சனிக்கிழமைகளில் ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு புல்வெளிக்கு ஏறுவோம். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வோம். மழை வந்தால் தார்ப்பாய்க்குள் குந்தியிருப்போம். மாதம் ஒரு முறை தொலைவாகப் போய் இரண்டு நாள் தங்குவோம்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. அம்பு பொறுக்கப் போனவன் திரும்பி வந்து "வந்துட்டேன்" என்று சொல்லும்வரை மற்றவன் நாணில் கை வைக்கக் கூடாது.

சொல்லித்தர ஆள் இல்லாததால் ஒரு தப்பும் செய்தோம். வில்லை மேலும் மேலும் கனமாகச் செய்தோம். கடைசியாக நான் செய்த வில்லைப் பெனடிக்டால் பாதிக்கு மேல் இழுக்க முடியவில்லை. எனக்கு அதில் பெருமை. நாணைக் காதுவரை இழுத்து, முழங்கையை நன்றாக மடக்கி, கை நடுங்கும்வரை பிடித்து நிற்பேன்.

விரல் மரத்தது அந்த நாட்களில்தான். முதலில் சுண்டு விரல், பிறகு மோதிர விரலில் ஒரு பக்கம். நாண் அறுக்கிற வலி ஒரு விரலில் குறைந்துவிட்டது.

கவ்வாத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகக் கத்தி பிடிக்கிறவனுக்கு உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, பிறகு காய்த்துப்போகும். வலி நின்ற அன்று அவன் அந்த மலையில் வெட்டுகிற எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கித் தர வேண்டும். நானும் முன்பு வாங்கித் தந்திருக்கிறேன். அதனால் விரல் மரத்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்.

"மச்சான், விரலு காச்சிருச்சுடா. நாணு புடிச்சா வலிக்கவே இல்ல."

"அப்ப வாங்கு தேத்தண்ணி" என்றான் பெனடிக்ட்.

வாங்கினேன். தேத்தண்ணிக் கடை ஒன்றில் நின்று இருவரும் சிரித்துக்கொண்டே குடித்தோம். கையைத் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காய்த்த தோல் கரடுமுரடாக இருக்கும். என் சுண்டு விரல் மெத்தென்று இருந்தது.

அதற்குப் பிறகும் மூன்று மாதம் வெட்டினேன், எய்தேன். ஒரு நாள் அக்கா வீட்டில் அடுப்பில் கொதித்த கேத்தலைப் பிடித்து நின்றபோது அவள் ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டாள். சுண்டு விரல் கேத்தலில் ஒட்டிக்கொண்டு வெந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

"ஒனக்கு நோகலையாடா?" என்று கேட்டாள். நோகவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். அவர் ஒரு தாளை எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் நேராகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவர் இரண்டு விரலால் மெதுவாக இழுத்தார். தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அத்தனை கனமான வில்லை இழுத்த கையால் ஒரு தாளைப் பிடித்துவைக்க முடியவில்லை.

"எவ்வளவு நாளா விறைக்குது?"

"அஞ்சாறு மாசமிருக்குங்க."

"ஏன் இவ்வளவு நாளும் வரேல்ல?"

"காச்சிருச்சுன்னு நெனச்சேங்க."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையில் இருக்க வேண்டிய சதை குழிந்திருந்தது. என் கைதான், நான் பார்த்திருக்கவில்லை.

நோய் இதுதான். அல்னர் நரம்பு (முழங்கையின் உட்பக்கம், எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பு. சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்வைத் தருவது) முழங்கையில் நசுங்கியிருந்தது. கதவில் முழங்கையை இடித்தால் மின்சாரம் அடித்தது போல இருக்கிறதே, அந்த நரம்பு. காலையில் கத்தி, மாலையில் வில் என்று ஒரே கையை ஓய்வில்லாமல் மடக்கியதில் அது வீங்கிச் செத்துக்கொண்டிருந்தது. நரம்புக் கடத்தல் சோதனை (சிறிய மின்னோட்டம் விட்டு, நரம்பில் அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். முழங்கைக்குக் கீழே அது தவழ்ந்துதான் போனது.

அறுவைச் சிகிச்சை நடந்தது. நரம்பை இறுக்கியிருந்த தசைநாரை வெட்டி, நரம்பை எலும்புக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று நான் கேட்டேன்.

"எப்பங்க சரியாகும்?"

"நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். முழங்கையிலயிருந்து விரல் நுனி வரைக்கும் எவ்வளவு எண்டு நீங்களே அளந்து பாருங்கோ. உருகின சதை முழுக்கத் திரும்பும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன்."

"வில்லு?"

"வில்லும் தொடக் கூடாது, கத்தியும் தொடக் கூடாது. நான் சொல்லுமட்டும். விளங்குதோ?"

வீட்டில் நூல் வைத்து அளந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் வந்தது. எந்த வேலையிலும் ஒரு வருடம் நின்றவன் இல்லை நான்.

அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கவ்வாத்துக்கு வேறு ஆள் போட்டார்கள். தினமும் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குப் பயறு பொறுக்கிப் போட வேண்டும். விரல்களை விரித்துச் சேர்க்க வேண்டும். சுண்டு விரலும் மோதிர விரலும் கொக்கி போல மடங்கியே நின்றன. சட்டைப் பொத்தானை அக்கா போட்டுவிடுவாள். அவள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன பிறகு எழுந்தால் பொத்தான் போடாமலே இருப்பேன். யாராவது வந்தால் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வேன். பெனடிக்டிடமும் காட்டியதில்லை. "தேவல, தேவல" என்றே சொல்லி வந்தேன்.

நான்காம் மாதம் முழங்கைக்குக் கீழே எறும்பு ஊர்வது போல ஒன்று தொடங்கியது. தட்டினால் மின்சாரம் ஓடியது. நரம்பு வளர்கிறது, நல்ல அறிகுறி என்று டொக்டர் சொன்னார். முன்கையில் பாதியைக் கடந்திருக்கிறது என்றும் சொன்னார். நான் 'நல்ல அறிகுறி' என்பதோடு கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பெனடிக்டுடன் ஏறினேன். பார்க்க மட்டும் வருகிறேன் என்றேன். "வில்லு எதுக்குடா பின்ன?" என்றான். "காத்துப் படட்டும், இல்லாட்டி பூஞ்சணம் பூத்துப்போயிரும்" என்றேன்.

அவன் ஆறு அம்பு எய்துவிட்டுப் பொறுக்கப் போனான். எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து சாக்கிலிருந்து அம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவன் பார்க்காத அந்த நேரத்தில் ஒரே ஒரு முறை இழுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எய்யப் போவதில்லை, இழுக்கத்தான் போகிறேன். வெறும் நாணை இழுத்துவிட்டால் வில் உடையும் என்று அம்பையும் பூட்டினேன். யோசித்துச் செய்தது அவ்வளவுதான்.

பாதி இழுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. விரல்கள் பிடித்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நாண் இல்லை. அது கையை விட்டுப் போனதே எனக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

பெனடிக்ட் அசையாமல் நின்றான். அம்பு அவனுடைய சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு சாக்கில் ஏறியிருந்தது. கையில் நீளமாக ஒரு கீறல். அவன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"நாலு மாசம் கழிச்சு எய்ஞ்சாலும் சாக்குலதான்டா படுது ஒனக்கு" என்றான். சிரிக்கப் பார்த்தான். பீடி பற்றவைக்க மூன்று குச்சி வீணானது.

"மச்சான், தேவலன்னு சொன்னியேடா" என்றான் பிறகு.

வில்லைப் போட்டுவிட்டு நடந்தேன்.

அக்கா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் தலைத்துண்டை அவிழ்க்காமலே கேட்டாள்.

"அவனோட பொம்பளப் புள்ளைங்க மொகத்துல எப்புடிடா முழிச்சிருப்ப?"

"கை வராதுபோலக்கா."

"வருதோ வரலையோ. வந்துருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே, அதத்தான் நான் கேக்குறேன்."

அவள் பயறுக் கிண்ணத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் பொறுக்கினேன். அன்றைக்குப் பாதி கீழேதான் விழுந்தது.

சிறிது நேரத்தில் பெனடிக்டின் ஓட்டோ லயத்துக்குக் கீழே வந்து நின்றது. அவன் ஏறி வரவில்லை. ஹோன் அடித்தான். நான் இறங்கிப் போய், காற்சட்டைப் பையிலிருந்து கையை எடுத்து, குழிந்த சதையும் மடங்கிய விரல்களும் தெரிய அவன் முன் நீட்டினேன். அவன் தொட்டான். சுண்டு விரலை அழுத்திப் பார்த்தான்.

"தெரியுதா?"

"இல்ல."

"இது?"

"இல்லடா."

அவன் வேறு பக்கம் பார்த்தான். ரோட்டில் மண்சரிவு இடத்தில் வண்டிகளுக்குச் சிவப்பு, பச்சைப் பலகை பிடிக்க ஆள் கேட்கிறார்கள் என்று சொன்னான். வில் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நோயில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மரப்பு வலியைவிட மோசமானது. வலித்தால் யாரிடமாவது சொல்வோம். சரியாகும் என்று காத்திருப்பது வேறு, சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வது வேறு. இரண்டாவதால் நான் ஒருவனைக் கொன்றிருப்பேன்.

அடுத்த நாள் காலையில் மண்சரிவு இடத்துக்குப் போனேன். பாதை பாதியளவு மண்ணில் மூடியிருந்தது. ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை விட வேண்டும். மேற்பார்வையாளர் சிங்களவர். பலகையை நீட்டியபோது நான் இடது கையால் வாங்கினேன். வலது கைக்கு என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"இந்தக் கையை நம்ப முடியாது, மாத்தயா" என்றேன்.

"அப்போ மற்றக் கையிலே பிடி. எனக்குக் கண்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிவப்பைத் திருப்பினேன். கொழும்பு பஸ் ஒன்று நின்றது, அதன் பின்னால் லொறி, ஓட்டோக்கள். சாரதி எட்டிப் பார்த்து இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டான். தெரியாது என்றேன். தூறல் தொடங்கியது. வலது கையைத் தொங்கவிட்டே நின்றேன். மழை பெய்வது அதில் மூன்று விரல்களுக்குத்தான் தெரிந்தது.