குடிக்கவா, காலேஜுக்கா?

ஊரப்பாக்கத்தில் மொபெட்டின் இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டு வருவார் அந்தப் பால்காரர். சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர். ஊற்றுவதற்கு முன் தவறாமல் கேட்பார்: "குடிக்கவா, காலேஜுக்கா?"

நான் ஆராய்ச்சி மாணவி. "காலேஜுக்குண்ணா" என்பேன். இடப்பக்கக் கேனைத் திறப்பார்.

பாலில் ஆன்டிபயாடிக் மிச்சமிருந்தால் காட்டிக்கொடுக்கும் சென்சார் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். வெளிச்சம் பட்டால் அதில் சிறு மின்சாரம் எழும். பாலில் மருந்து இருந்தால் அது குறையும். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே கலக்காத பால் வேண்டும் என்றுதான் அவரிடம் வாங்கினேன். அதிலும் மின்சாரம் குறைந்தது. என் சென்சாரைத்தான் சந்தேகித்தேன். திரும்பத் திரும்பப் புதிதாகச் செய்து அலுத்துப்போய், கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"ஆமாம்மா, ஒரு மாட்டுக்கு மடிநோய். ஊசி போட்டுகினு கீறோம். அந்தப் பாலைப் புள்ளைங்க கீற வூட்டுக்கு எப்டி ஊத்தறது? நீதான் குடிக்கப் போறதில்லையே!"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் முகத்திலோ நியாயமாக நடந்துகொண்டவரின் நிம்மதி. அவர்மேல் கோபப்படுவதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அதே கேள்வியைக் கேட்டார்.

"குடிக்கத்தாண்ணா" என்றேன்.

வலப்பக்கக் கேனைத் திறந்தார். பாதியைச் சோதித்தேன்; மின்சாரம் குறையவில்லை. மீதியில் டீ போட்டுக் குடித்தேன்.