முக்கூராவுக்கு வைத்த சாராயம்

தெவுசரீனா சத்தம் போட்டால் அக்கரையில் படகு கட்டுகிறவர்கள்கூடத் தலைதூக்கிப் பார்ப்பார்கள். அந்த மழைக்காலத்தில் அவள் கோபத்துக்கெல்லாம் ஒரே குறி முக்கூராதான். எலி மூஞ்சியும் மயிரில்லாத வாலும் வயிற்றில் பையுமாக அலையும் பிராணி. தவளை, நண்டு, பழுத்து விழுந்த பழம், விஷப்பாம்பு, எதையும் விடாது. காட்டில் இத்தனை கிடந்தும் பாழாய்ப்போனதற்கு அவள் வீட்டுக் கோழிதான் வேண்டியிருந்தது.

"கூண்டுகிட்ட ஒரு கிண்ணத்துல சாராயம் வைங்க அண்ணி," என்றாள் நாத்தனார் லிந்தால்வா. "மொடாக்குடி அது. குடிச்சுட்டு அங்கேயே மல்லாந்து கிடக்கும். காலையில தடியால ஒண்ணு போடுங்க, குழம்புக்குக் கறியும் ஆச்சு."

ஆற்றோரத்தில் எல்லோரும் நம்புவதுதான். தெவுசரீனாவும் வைத்தாள். அந்த வீட்டுக்குள் சாராயம் நுழைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. போதையில் அசாயீப் பனைமரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட அவள் புருஷன் ஒரிவால்தோ, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தான். தொட்டால் அன்றைக்கே படகேறி அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவளும் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

காலையில் கிண்ணம் காலி. முக்கூராவைக் காணோம். மறுநாளும் அப்படியே. புருஷன் வாயை முகர்ந்து பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. தெரிந்துவிட்டால் படகேற வேண்டுமே.

அன்று பொழுது சாயும்போது கிண்ணத்தை நிரப்பிவிட்டு, அடுப்படி மறைவில் தடியோடு நின்றாள். வந்தது ஒரிவால்தோதான். நொண்டிக்கொண்டே வந்து குந்தினான். கிண்ணத்தை எடுத்தான்.

"நீ நிக்கிறது தெரியும்டி," என்றான் திரும்பாமலே. "தினமும் கொட்டித்தான் விடறேன். முதல் நாளே பாத்துட்டேன். முக்கூரா இதை மோந்துட்டு, அந்தாண்ட கிடந்த அழுகின வாழைப்பழத்தைத் தின்னுட்டுப் போயிடுச்சு. சொன்னா நம்புவியா நீ? இந்த வாசனை இழுக்கறது என்னைத்தான். இன்னிக்கு... கை கொட்ட மாட்டேங்குது."

அவள் தானே கொண்டுவந்து வைத்த வினை.

கிண்ணம் அவன் உதட்டருகே போனது. அதே நேரம் கூண்டில் கோழிகள் அலறின. முக்கூரா உள்ளே புகுந்துவிட்டது. இப்போது ஓடினால் ஒரே அடியில் தீர்த்துவிடலாம். ஆனால் ஓட, இவனுக்கு முதுகைக் காட்ட வேண்டும்.

தடியைக் கீழே போட்டாள். அவன் எதிரில் வந்து உட்கார்ந்து, கிண்ணத்தோடு சேர்த்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பிடுங்கவில்லை. பின்னால் படபடவென்று சிறகடிப்பு, பிறகு புதருக்குள் எதையோ இழுத்துப்போகும் சரசரப்பு.

"கோழி போகுதுடி," என்றான் அவன்.

"போய்த் தொலையட்டும்யா. நீ கொட்டு."

அவன் சாய்த்தான். பாதி மண்ணில் விழுந்தது, பாதி அவள் பாவாடையில்.