சிமெண்ட் போடாத கொல்லை

சாவுச் செய்தி நம்மைத் தேடி வருவதுதான் வழக்கம். ஸ்டெல்லா அக்காவின் செய்தியை நானே போய் எடுத்துவர வேண்டியிருந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை, தோகாவிலிருந்து அவர் மகன் ஆரோக்கியம் கூப்பிட்டான். "ஆன்ட்டி, அம்மா போனை எடுக்கல. கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்." அடுத்த வீடுதானே என்று செருப்புகூடப் போடாமல் போனேன். கொல்லையில் கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில், நாற்காலியில் சாய்ந்திருந்தார். தம்ளரில் பாதிக் காபி இருந்தது. கையைத் தொட்டேன், சில்லிட்டிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தஞ்சாவூர் தொலைபேசி நிலையத்தில் நாங்கள் இருவரும் ஆபரேட்டர்கள். வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தே எங்கள் இளமை போனது. பிறகு தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத், அப்புறம் செல்போன். எங்களுக்கு வேலையில்லாமல் போக, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வயலை மனையாக்கிய ஒரு புது நகரில் பக்கத்துப் பக்கத்து மனையாக வாங்கி வீடு கட்டினோம். அக்காவின் கணவர் அதற்கு முன்பே தவறிவிட்டார்.

அக்கா வலங்கைமான் பக்கம் விவசாயக் குடும்பம். நெல் விளைந்த வீட்டுப் பெண்ணுக்குக் கத்தரி எம்மாத்திரம்? பாத்தியைச் சுற்றி வரப்புக் கட்டி, மடை திறப்பதுபோலக் குழாயைத் திறந்துவிட்டார். செடிகள் மஞ்சளடித்தன. வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் விட்டார். கடைசியில் ஒன்றைப் பிடுங்கி, அழுகிய வேரை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"காவேரித் தண்ணியில வளர்ந்த கைடி வசந்தா இது. அளவே தெரியல பாரு!"

அதற்குப் பிறகு அவர் வைத்துக்கொண்ட முதல் சட்டம் இது: "விரலை மண்ணுல விடு. ஈரம் ஒட்டுச்சுன்னா கையைக் கட்டிக்கிட்டு உட்காரு."

நான் ஆசைப்பட்டுக் குரோட்டன்ஸ் அழகுச்செடி வாங்கிவந்தபோது, "இதைக் குழம்புல போடுவியா?" என்று கேட்டு மானத்தை வாங்கினார். வீட்டில் தின்பதை நட வேண்டும், ஒரு ஆள் நோகாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கே நட வேண்டும் என்பார். எருவாகும் சருகை யாராவது கொளுத்தினால் தெருவுக்கே வந்து சண்டை போடுவார். பட்டுப்புடவையில் மாதா கோயில் பூசைக்குப் போகும் வழியில் ஆட்டோவை நிறுத்திச் சாணி அள்ளியவர் அவர். பூச்சி அரித்த காயைப் பார்த்தால் மட்டும் கோபமே வராது. "அதுவும் தின்னுட்டுப் போகட்டும், நமக்கு மிச்சம் இல்லாமலா போயிடும்?"

அக்காவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆரோக்கியம் லீவில் வந்தான். "பாம்பு வரும், வழுக்கி விழுவீங்க. கொல்லை மொத்தமும் சிமெண்ட் போட்டுடலாம்மா. இல்லன்னா என்கூட வந்துடுங்க." அவன் பயத்திலும் தப்பில்லை. மணலும் வந்து இறங்கிவிட்டது. இத்தனை வருட மண் போய்விடுமே என்று நான்தான் புலம்பினேன். அக்கா சண்டை போடவில்லை.

"போட்டுக்க தம்பி. அதுவரைக்கும் காலையில காபிய மட்டும் இங்க உட்கார்ந்து குடி."

முதலில் போனைப் பார்த்துக்கொண்டே குடித்தான். பிறகு போன் உள்ளேயே இருந்தது. ஒருநாள், "இந்தப் பூவெல்லாம் காயாகுமாம்மா?" என்று அவன் கேட்டது என் வீட்டுக்குக் கேட்டது. வந்த மணலில் அம்மா நடக்க ஒரு நடைபாதை மட்டும் போட்டுவிட்டுத் தோகாவுக்குத் திரும்பினான். போகும்போது கை வைத்த நாற்காலி ஒன்றும் வாங்கிவைத்தான். அக்கா கடைசியாக உட்கார்ந்திருந்தது அதில்தான்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கொத்தனார் வந்து, "சிமெண்ட் பூசிடலாமா சார்? எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க" என்றார். அக்காவின் தம்பியும் தலையாட்டினார். தோகாவிலிருந்து வந்திறங்கிய ஆரோக்கியம் குறுக்கிட்டான்.

"வேணாங்க. மண்ணாவே இருக்கட்டும்."

மறுநாள் கொல்லையிலிருந்து, பூவுக்கென்று அக்கா விட்டுவைத்திருந்த ஒரே டிசம்பர் பூச்செடியை வேரோடு கொண்டுபோய் அவர் தலைமாட்டில் நட்டான். வலங்கைமான்காரரான அக்காவின் தம்பி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிச் சாய்க்கப் போனார். ஆரோக்கியம் அவர் கையைப் பிடித்தான். குனிந்து மண்ணில் விரலை விட்டான்.

"போதும் மாமா. ஈரம் இருக்கு."

அதைச் சொல்லிவிட்டுத்தான், அதுவரை அழாதவன் அழுதான்.

போய் வாருங்கள் அக்கா. கத்தரிப் பாத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர் அதிகம் விடமாட்டேன்.