பதினாறாவது பிரிவும் என் அக்காவும்

1. கிராணி அறையிலிருந்து ஒரு போன்

அக்கா என் அலுவலகத்துக்கு ஒரே ஒருமுறைதான் போன் செய்திருக்கிறாள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் அரசியலமைப்புச் சட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்று காலை எடுத்த பாடம் குடியுரிமை. வகுப்பை முடித்துவிட்டுச் சாக்பீஸ் தூள் ஒட்டிய கையோடு அறைக்கு வந்தேன், போன் அடித்தது.

"தம்பி, நான்தான்டா அஞ்சலை. கிராணி ரூம்லேர்ந்து பேசறேன்."

அக்கா வேலை பார்த்த ரப்பர்த் தோட்டத்தின் கணக்கர் அறையிலிருந்து போன் என்றால் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும். "என்னக்கா, யாருக்கு என்ன?" என்று பதறினேன்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. அடுத்த வருசம் எனக்கு அம்பத்தஞ்சு. வேல முடிஞ்சா லயத்து வீட்ட விட்டுரணும். பத்தாங் பெர்ஜுந்தாய்ல கவர்மெண்டு வீடு குடுக்கறாங்களாம். மனு பாரம் எடுக்கப் போனா, நீல ஐசி இருந்தாத்தான்ங்கறான்லா. எங்கிட்ட செவப்புதான இருக்கு."

"செவப்பா?"

"ஏன், உனக்குத் தெரியாதா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. நீல அடையாள அட்டை குடிமகனுக்கு. சிவப்பு அட்டை இங்கே தங்கியிருக்க மட்டும். பதினோரு ஆண்டுகளாக நான் இதைத்தான் மேடையில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். என்னை வளர்த்தவளின் அட்டை என்ன நிறம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

2. ஒரு வருட அவகாசம்

அக்கா எனக்குப் பதினைந்து வயது மூத்தவள். அவள் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில், மருத்துவச்சி கையில். பதிவு எதுவும் கிடையாது. நான் பிறந்தது ஜப்பான்காரன் போன பிறகு, ஆஸ்பத்திரியில். எனக்குப் பதினெட்டு வயதானபோது பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவர்கள் எங்களை வரிசையாக அழைத்துப்போய்க் குடியுரிமைக்குப் பதிந்துவிட்டார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பின் அக்காதான் சோறு போட்டாள். அவளுக்குக் கல்யாணமாகி மூன்றே வருடத்தில் மாமாவும் போய்விட்டார். பிள்ளையில்லை.

நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன் இங்கே பிறந்தவர்கள் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள உரிமை தருவது அரசியலமைப்பின் பதினாறாவது பிரிவு. கொஞ்சம் மலாய் தெரிந்திருக்க வேண்டும். சுதந்திரம் வந்த புதிதில் அந்த மொழி நிபந்தனைகூட ஒரு வருடத்துக்கு இல்லை. இந்த ஒரு வருட அவகாசத்தைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசுவேன். மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் அக்காவிடம் கேட்டேன், அந்த வருடம் நீ ஏன் பதியவில்லை என்று.

"பதியற ஆளுங்க வந்த அன்னிக்கு நான் வெளிக்காட்டுல வேலையா இருந்தேன். கிராணி அப்பறம் பாத்துக்கலாம்னாரு."

"அப்பறம்?"

"அப்பறம்னா அப்பறந்தான்."

என்னோடு வந்து இருந்துவிடேன் என்று அப்போதும் கூப்பிட்டேன். பெட்டாலிங் ஜெயாவில் எனக்கு மூன்று அறை வீடு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லாமல் விரிவுரைக் குறிப்புகளைச் சத்தம்போட்டுப் படித்ததுண்டு. அக்கா ஒருமுறை வந்து நான்கு நாள் தங்கிவிட்டுத் திரும்பியிருந்தாள்.

"உன் வீட்ல எல்லாம் இருக்கு தம்பி. ஆளுதான் இல்ல," என்றாள்.

3. மஜீது பாய் சொன்னது

விண்ணப்பத்தை நானே எழுதினேன். ஆறு பக்கம். பிரிவு, உட்பிரிவு, தீர்ப்புகள், அடிக்குறிப்புகள். அக்கா இங்கேதான் பிறந்தாள் என்பதற்குச் சாட்சிக் கடிதம் தரவேண்டியவர் மஜீது பாய். பத்தாங் பெர்ஜுந்தாயில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவருடைய அத்தாவும் அதே கடையில் இருந்தவர்தான். தோட்டத்து ஜனங்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுப்பதும் அந்தக் கடையில்தான் நடக்கும்.

அவர் என் ஆறு பக்கத்தையும் புரட்டினார். வெங்காயத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"புரொபசர், தப்பா நெனச்சுக்காதீங்க. இத்தன நீட்டா இருந்தா ஆபீசர் பயந்துருவாரு. அரைப்பக்கம் போதும்லா."

"சட்டப்படி இது அவங்க உரிமை பாய். கெஞ்சறது இல்ல."

"உரிமைதான், யார் இல்லன்னா? ஆனா இண்டர்வியூல அக்காவப் பேச விடுங்க. பாசிர் பெனம்பாங்லேர்ந்து வர்ற சீன மீன்காரன்கிட்ட அக்கா மலாய்ல பேரம் பேசறத வாராவாரம் பாக்கறேன். அவன் அழாத கொறதான்."

நான் சிரித்துக்கொண்டேன். மளிகைக்கடைக்காரர் எனக்குச் சட்டம் சொல்கிறாரே என்றுதான் நினைத்தேன். அப்போது எனக்கு அந்தத் திமிர் இருந்தது.

4. நான் எடுத்த பாடம்

என் வகுப்பில் ஒரு விதி உண்டு. எந்தக் கேள்விக்கும் முதலில் பிரிவு எண்ணைச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் விவரம். மாற்றி எழுதினால் மதிப்பெண் குறைப்பேன். அந்தப் பழக்கம் எனக்குள் ஊறிப்போயிருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அக்காவை எதிரில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். 'அரசியலமைப்பின் பதினாறாவது பிரிவின்படி நான் பதிவு பெற உரிமையுள்ளவள்' என்பதைச் சுத்தமான மலாயில், 'பெர்காரா எனாம் பெலாஸ்' என்று தொடங்கி. அவள் சந்தை மலாயில் பேசினால் திருத்தினேன். பேரம் பேசும் மலாய் அலுவலகத்துக்கு ஆகாது என்றேன். வெளிக்காட்டு வேலை முடித்து வந்தவள், கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"இதுக்குப் பால் மரம் வெட்டப் போயிரலாம்," என்று ஒருமுறை முனகினாள். நான் மேலே நடத்தினேன்.

நேர்காணல் கோலசிலாங்கூரில். என் காரிலேயே அழைத்துப் போனேன். உள்ளே நானும் போனேன். பேராசிரியர் என்று சொன்னதும் பின்னால் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அதிகாரி இளைஞர். நல்ல மாதிரியான மனிதர். சிரித்துக்கொண்டே, "மக்சிக் திங்கால் டி மானா?" என்று கேட்டார். அம்மா எங்கே குடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் கேள்வி.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "பெர்காரா எனாம் பெலாஸ்..." என்று ஆரம்பித்தாள்.

முழு வாக்கியத்தையும் ஒரு பிசகில்லாமல் சொல்லி முடித்தாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். இத்தனை வருடம் என்ன வேலை செய்தீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். அக்காவுக்குப் பதில் தெரியும். தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வாள். ஆனால் அதற்கு எந்தப் பிரிவு எண் என்று தெரியாமல் என் பக்கம் திரும்பினாள்.

"ஜங்கான் தெங்கோக் டியா," என்றார் அதிகாரி. அவரைப் பார்க்காதீர்கள்.

அதற்குப் பிறகு அக்கா வாயைத் திறக்கவே இல்லை. மனப்பாடம் செய்திருக்கிறார், மொழி புரியவில்லை என்று அதிகாரி எழுதினார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

திரும்பும் வழியெல்லாம் செம்பனை. அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். லயத்து வாசலில் இறங்கும்போது, "நீ உள்ள வராம இருந்திருக்கலாம்," என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவளுக்காக இத்தனை அலைந்தேனே என்று.

5. பூட்டிய வீடு

அதற்குப் பின் பத்து மாதம் நான் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. வேலை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். வேலை இருந்தது உண்மைதான். குடியுரிமை பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன், அதை வாசிக்க வெளிநாட்டுக்கும் போய்வந்தேன். பேசி முடித்ததும் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அன்று ஓட்டல் அறையில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றபோது, இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. அக்கா முகம் வந்தது, அதை நானே தள்ளிவிட்டேன். உண்மையில் எனக்கு வெட்கம்.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து நிறைகிற மாதம் நெருங்கியபோது பயம் வந்துவிட்டது. அவளைத் தெருவில் நிறுத்திவிட்டேனோ என்று ஒரு சனிக்கிழமை ஓடினேன். லயத்து வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அஞ்சலைக்கா பத்தாங் பெர்ஜுந்தாய்க்குக் குடி போயி ரெண்டு மாசம் ஆச்சே. ஒங்களுக்குச் சொல்லலயா?"

மஜீது பாய் கடையில் விலாசம் கேட்டேன். அவர் கைகாட்டினார். புது வீட்டு வாசலில் அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வா," என்றாள். காப்பி கலந்தாள். கேட்காமலே அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். நீலம்.

"எப்பக்கா?"

"ஆறு மாசம் ஆனதும் போனேன். மஜீது பாய் கடையச் சாத்திட்டு வேன்ல கூட்டிட்டுப் போனாரு. அவரு வெளியவே நின்னுகிட்டாரு."

"அதே ஆபீசரா?"

"அதே பையன்தான். என்ன வேலன்னான். மரம் வெட்டுனது, செம்பனப் பழம் பொறுக்குனது, முதுகு வலி, எல்லாஞ் சொன்னேன். கெம்போங் மீனு என்ன வெலைன்னான். அந்தச் சீனன் ஏமாத்தறான்னேன். சிரிச்சுட்டான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ திரும்பவும் பாடம் எடுப்ப," என்றாள். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு அவளே சொன்னாள்.

"கடைசியா, ஒங்களுக்குச் சொந்தம் யாரும் இருக்காங்களான்னு கேட்டான். ஒரு தம்பி இருக்கான், தூரத்துலன்னேன். எவ்ளோ தூரம்னான். சத்தியம் பண்ணிட்டு உக்காந்த எடத்துல பொய் சொல்லக் கூடாதுல்ல? தெரியலன்னேன்."

என் வீட்டிலிருந்து அங்கே காரில் ஒரு மணி நேரம்.

6. என் மாணவர்களுக்கு

ஓய்வு பெறும்வரை அந்தப் பாடத்தை நானே நடத்தினேன். ஆனால் அதற்குப் பிறகு முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கச் சொன்னதில்லை. வீட்டில் யார் யாரிடம் என்ன நிற அட்டை இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள், அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம் என்று அனுப்பிவிடுவேன். ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு பேர் வீட்டில் சிவப்பு இருப்பது தெரிந்து முகம் வாடித் திரும்பி வருவார்கள். அவர்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: பாரத்தை நிரப்பிக் கொடுங்கள், கூடவே போங்கள், ஆனால் வெளியே நில்லுங்கள்.

உங்கள் வீட்டில் என்ன நிறம் சார் என்று ஒருமுறை ஒரு பெண் கேட்டாள்.

"அக்காவுக்கு நீலம்," என்றேன். "வாங்கிக் கொடுத்தது நானில்லை."