உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் யாரும் வெறும் தண்ணீர் குடித்ததில்லை. குஜிலியம்பாறைக்குக் கிழக்கே ஒரு மணி நேர நடையில் இருந்தது எங்கள் ஊர். எல்லாம் மானாவாரிக் காடு, ஊருக்கு ஒரே கிணறு. மூன்றாவது வருஷமும் மழை இல்லாமல் போக, கிணற்றின் அடியில் ஊறும் தண்ணீர் செம்மண் கலங்கலாக, சேற்று வாடையோடு வந்தது. தேத்தாங்கொட்டையைப் பானைக்குள் உரசித் தெளிய வைத்தாலும் வாடை போகாது. வாயில் வைத்தால் குமட்டும். அதனால் தாகத்துக்குக் கம்மங்கூழைக் கரைத்துக் குடித்தோம். பசு கறந்த வரைக்கும் மோர். அது வற்றியதும் பழைய சோற்றின் நீராகாரம். சில காலைகளில் பனையேறுகிறவர் சுண்ணாம்புக் கலயத்தில் இறக்கிய பதநீர். இன்று இதையெல்லாம் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். அன்று எங்களுக்கு வேறு கதி இல்லை.

என் கணவரும் அவருடைய அண்ணனும் மாடுகளை ஓட்டிக்கொண்டு செம்பட்டிப் பக்கம் போயிருந்தார்கள். அங்கே வைக்கோல் கிடைக்கும், வண்டி வேலையும் கிடைக்கும் என்று பேச்சு. வீட்டில் நானும், அந்த அண்ணன் பெண்டாட்டியான என் ஓரகத்தியும், ஒன்றரை வயதான என் மகளும் மட்டும். ஓரகத்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். போன கோடையில் அக்காவின் மூன்று வயது மகன் வாந்திபேதியில் இறந்துபோனான். பேதி கண்டவர்களுக்குத் தண்ணீர் காட்டக்கூடாது, குடிக்கக் குடிக்கப் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவன் இரண்டு நாள் தண்ணீர் கேட்டான். அக்கா ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். ஊரே அப்படித்தான் சொன்னது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவள்தான்.

சித்திரை மாதத்தில் ஒரு விடியற்காலை என் மகளுக்குப் பேதி தொடங்கியது. வெயில் ஏறுவதற்குள் ஏழெட்டுத் தடவை போய்விட்டது. கண் உள்ளே போயிற்று. அழுதாள், ஆனால் கண்ணீர் வரவில்லை. கை நீட்டிப் பானையைக் காட்டினாள். நான் ஒரு கை தண்ணீர் வாயில் விட்டேன். உடனே கக்கிவிட்டாள்.

அக்கா ஓடிவந்தாள். "அறிவு இருக்காடி ஒனக்கு? தண்ணி காட்டாதன்னு எத்தன தடவ சொல்றது?"

பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளறையில் வைத்து, கதவைச் சாத்தி, வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

திண்டுக்கல் போனால்தான் ஆஸ்பத்திரி. காலை பஸ் போய்விட்டது. அடுத்தது மறுநாள்தான். அக்கம்பக்கத்தில் ஒரு வண்டிமாடு கூட இல்லை, எல்லாம் தீவனம் தேடிப் போயிருந்தன. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்தேன். அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே மடிந்து நின்றது. உச்சிப் பொழுதில் எனக்கே தலை சுற்ற, ஒரு வாய் குடிக்கலாம் என்று அடுப்படியில் உட்கார்ந்து உப்புப் போட்ட நீராகாரத்தை எடுத்தேன். மடியில் துவண்டு கிடந்தவள் தலையைத் தூக்கி, கிண்ணத்தின் விளிம்பில் வாயை வைத்து உறிஞ்சினாள். தடுக்க எனக்குக் கை வரவில்லை. இரண்டு மடக்கு. கக்குவாள் என்று காத்திருந்தேன். கக்கவில்லை.

விசேஷத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த அரிசி நாலைந்து பிடி இருந்தது. அடுப்பைப் பற்றவைத்து, அடுப்படிக் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி, ஒரு பிடி அரிசியைப் போட்டுக் கரையும் வரை கொதிக்கவிட்டேன். உப்பும் துளி கருப்பட்டியும் போட்டு ஆற்றி, பால் புகட்டும் சங்கில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். நாலு சங்கு உள்ளே போனது. ஐந்தாவது ஊற்றும்போது அக்கா வந்து என் கையைத் தட்டிவிட்டாள். சங்கு உருண்டு போனது.

"ஒண்ண வாரிக் குடுத்தது போதாதாடி? இதையும் கொல்லணுமா?"

"செத்தா எம் பிள்ளதானக்கா சாகுது," என்றேன். "குடிச்சிட்டே சாகட்டும். கேட்டுக் கேட்டுச் சாக வேணாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் வெளியே போய்விட்டாள். நான் சங்கைக் கழுவி மறுபடியும் ஊற்றினேன்.

பொழுது சாயும்போது கஞ்சி தீர்ந்தது, குடத்திலும் தண்ணீர் இல்லை. தெருவில் போன பனையேறியிடம் பதநீர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"காலைல எறக்குனது புளிச்சிருக்கும் தாயி. புள்ளைக்கு ஆகாது. செத்த இரு," என்று போனவர் ஒரு குலை நுங்கோடு வந்தார். ஒவ்வொன்றாகச் சீவிக் கண்ணைத் திறந்து, உள்ளே இருந்த நீரைச் சிந்தாமல் கிண்ணத்தில் ஊற்றினார். அதையும் அவள் குடித்தாள். பேதி நிற்கவில்லை. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் துணியில் ஈரம் கண்டேன், மூத்திரம் பெய்திருந்தாள். அந்த ஈரத்தைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் திண்டுக்கல் போனேன். விடியுமுன் கிணற்றில் இறைத்துவந்து காய்ச்சிய கஞ்சி ஒரு சொம்பில், மடியில் பிள்ளை. சொம்பை யாரும் இடித்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் இரண்டு கையாலும் அணைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணிமையை விரித்துப் பார்த்துவிட்டு, "நேத்துலேர்ந்து தண்ணி குடுக்காம வச்சிருந்தியாம்மா?" என்று கேட்டார்.

"கஞ்சித் தண்ணி குடுத்தேன் சாமி. நுங்குத் தண்ணி."

"அதாலதான் உசுரோட வந்திருக்கு," என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அக்காவின் மகன்தான் நினைவுக்கு வந்தான். அவன் தண்ணீர் கேட்டபோது எங்கள் வீட்டில் கஞ்சி இருந்தது. நான்தான் வடித்து வைத்திருந்தேன்.

நாலு நாள் கழித்துப் பிள்ளையோடு ஊர் திரும்பினேன். அக்கா பிள்ளையை வாங்கி மடியில் போட்டு, கை கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"ஊசி மருந்துலதான் பொழச்சதுன்னாரு."

"கஞ்சி குடுத்தத?"

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லலக்கா."

"அப்படியா," என்றாள்.

அந்த வாரமே மேலத்தெருப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். அவள் பையனுக்குப் பேதி. என் பிள்ளை பிழைத்து வந்ததைக் கேள்விப்பட்டு என்னிடம் வந்திருக்கிறாள். "என்ன குடுத்த, சொல்லு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். சொன்னால் அக்காவைக் கொன்றது போல. சொல்லாவிட்டால் அந்தப் பையன்.

முறம் நின்றது.

"கஞ்சி வச்சு, உப்புப் போட்டுக் குடு," என்றாள் அக்கா. "கேக்கக் கேக்கக் குடு. யாரு என்ன சொன்னாலும் நிறுத்தாத."

அந்தப் பெண் ஓடினாள். அவள் வீட்டில் அரிசி இருக்குமோ என்னவோ என்று நான் எழுந்தேன். அதற்குள் அக்கா உள்ளே போய், அரிசிப் பானையை வழித்து, மிச்சமிருந்த அரிசியை முந்தானையில் கட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போய்விட்டாள். பொழுது சாயும் வரை அந்த வீட்டிலிருந்து அவள் திரும்பவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் கூழைக் கரைத்து அவள் முன்னால் வைத்தேன். வாங்கிக் குடித்தாள்.