கேட்டுக்காரி பேச்சியம்மாள்

மலாயாவில், உலு திராமுக்கு அப்பால் அந்த ரப்பர் தோட்டத்தில் பேச்சியம்மாளிடம் ஏச்சு வாங்காதவர்கள் குறைவு. வாங்காதவர்களும் பயந்து ஒதுங்கிப் போனவர்கள்தான். அவளுக்கு வாய் நீளம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த வாய் எப்படி நீண்டது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அவள் கப்பலிலிருந்து இறங்கிய வருடம்தான் தோட்டத்தில் குட்டி ரயிலுக்குத் தண்டவாளம் போட்டார்கள். காட்டை வெட்டி, சேற்றில் கட்டை அடுக்கி, ஆற்றுத்துறை வரைக்கும் பாதை. ரப்பர் எல்லாம் அதில்தான் துறைக்குப் போனது. ஜொகூர் பாருவிலிருந்து விருந்தாளி வந்தால் துரை அந்த ரயிலில்தான் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார். அந்தப் பாதைக்குக் கூடை கூடையாகக் கல் சுமந்த பெண்களைப் பற்றி விருந்தாளிகளிடம் என்ன சொன்னாரோ, தெரியாது. பேச்சியம்மாளும் அந்தக் கல்லைச் சுமந்தவள்.

அவள் புருஷன் லெட்சுமணன் அதே ரயிலில் பிரேக் பிடிப்பவன். பிரேக் தேய்ந்துவிட்டது என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அடுத்த கப்பலில் சாமான் வரும் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சாமான் வரவில்லை. சரிவில் ரப்பர் வண்டிகள் கவிழ்ந்தன. ரப்பரைத்தான் முதலில் அப்புறப்படுத்தினார்கள். அடியில் கிடந்த லெட்சுமணனை அப்புறம்தான் எடுத்தார்கள்.

சாவுக்கு வந்த கூட்டத்தின் முன்னால் துரை ஏதோ சொன்னார். கிராணி என்று எல்லாரும் கூப்பிடும் ஆபீஸ் குமாஸ்தா சதாசிவம் அதைத் தமிழில் சொன்னார்.

"இந்தா பாரு பேச்சியம்மா, ரோட்டுல ரயில் குறுக்கே போற எடத்துல கேட்டு போடப் போறாங்க. அந்த கேட்டு வேலை ஒனக்கு. பக்கத்துல வீடு கட்டித் தருவாங்க. தண்டவாளம் இந்த மண்ணுல கெடக்குற வரைக்கும் வீடு ஒன்னுதுதான். தொரையே சொல்லிட்டாரு."

புருஷனுக்குப் பதில் ஒரு பலகை வீடு. அவள் வாங்கிக்கொண்டாள். வேறு எங்கே போவாள்?

ரயில் வரும் சத்தம் கேட்டால் கேட்டை மூடவேண்டும். ரயில் போன பிறகுதான் திறக்கவேண்டும். ஒருமுறை பிரசவ வலியோடு அமலோற்பவம் என்ற பெண்ணை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரயில் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. வலி பொறுக்காமல் அவள் கத்திய கத்தலில் பேச்சியம்மாள் கேட்டைத் திறந்துவிட்டாள். ரயிலில் துரை இருந்தார். ஒரு நிமிடம் நிற்க வேண்டியதாகிவிட்டதாம். அந்த மாதக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். "யார் செத்தாலும் ரயில் போனப்புறம்தான் கேட்டு" என்று சதாசிவம் விரலை நீட்டிச் சொன்னார்.

ரப்பர் விலை படுத்த காலம் வந்தது. ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றினார்கள். நிலக்கரி போட்டு ரயில் ஓட்டுவதைவிட லாரி மலிவு என்று துரைக்குத் தோன்றிவிட்டது. ரயிலை நிறுத்தியதை அவளுக்குச் சொல்ல ஒருவரும் வரவில்லை. ரயில் வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் சதாசிவம் வந்து, வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்.

மறுநாள் முதல் லாரி வந்தது. பேச்சியம்மாள் கேட்டை மூடிப் பூட்டி, குறுக்கே நின்றாள். லாரிக்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்தான். சதாசிவம் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார்.

"ஒனக்கென்ன பைத்தியமா? தெற கேட்டை!"

"ரயிலு போவட்டும், தெறக்குறேன்."

"ரயிலே கெடையாதுன்னு தெரியுமில்ல?"

"நீங்கதான சொன்னீங்க, யாரு செத்தாலும் ரயில் போனப்புறம்தான்னு? ரயிலு செத்தா மட்டும் வேற சட்டமா?"

லாரிக்காரனே சிரித்துவிட்டான். சதாசிவத்துக்கு முகம் சிவந்தது. தண்டவாள ஆட்களைக் கூட்டிவரச் செய்து, சாலையின் குறுக்கே கிடந்த இரண்டு கம்பிகளை மட்டும் பிடுங்கச் சொன்னார். பிடுங்கியவர்களில் செல்லப்பனும் ஒருவன். லெட்சுமணனைத் தூக்கிப் போனவன். அவன் பேச்சியம்மாளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஊர் போகும் கப்பலுக்கு அவன் பெயரும் போயிருந்தது. மறுத்தால் அந்தக் கப்பல் சீட்டும் போய்விடும்.

"தண்டவாளம் போச்சு. இப்ப கெளம்பு" என்றார் சதாசிவம்.

"ரெண்டு கம்பியத்தான் எடுத்தீங்க. அங்க பாருங்க, துறை வரைக்கும் கெடக்கு. எல்லாத்தையும் பேத்துட்டு வாங்க. நானே மூட்டையைக் கட்டுறேன்."

அதைப் பெயர்க்கக் கூலி கொடுத்துக் கட்டாது. பழைய இரும்பு அப்போது போன விலை அப்படி. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சதாசிவம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். பேச்சியம்மாள் அன்று ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். நிம்மதியாகச் சோறு வடித்துச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சதாசிவம் ஏணியோடும் ஆட்களோடும் வந்தார்.

"வீடு ஒன்னுதுதான். தொரை சொன்ன பேச்சு பேச்சுதான். ஆனா மேல இருக்குற தகரம் கம்பெனியோடது. பிரிச்சு எடுத்துக்கச் சொல்லிட்டாங்க."

ஏணியில் ஏறச் சொன்னது செல்லப்பனைத்தான். அவன் இரண்டு படி ஏறி நின்றான்.

"எறங்குங்க மாமா" என்றாள் அவள். "ஒங்க கையில அந்தப் பாவம் வேணாம். நான் ஏறுறேன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். ஆணியைக் கம்பியால் நெம்பினாள். முதல் தகரத்தைத் தூக்கி, சதாசிவத்தின் காலடி பார்த்து வீசினாள். அவர் துள்ளிக் குதித்தார். சைக்கிள் சரிந்து விழுந்தது. அடுத்தது. அதற்கும் அடுத்தது. வெள்ளை வேட்டியில் சேறு தெறிக்க அவர் பின்வாங்கிக்கொண்டே இருந்தார். தகரம் எல்லாம் தீர்ந்தபோது அவள் கையெல்லாம் ரத்தம். வெறும் கூரைச் சட்டத்தின் மேல் நின்று கத்தினாள்.

"எடுத்துட்டுப் போங்கய்யா, ஒங்க கம்பெனி சாமானை! ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போங்க! எம்புருசன் யாரோட சாமான்? அவனை எப்பக் கொண்டாந்து குடுப்பீங்க?"

சதாசிவம் சைக்கிளை நிமிர்த்தினார். தகரங்களை எண்ணச் சொன்னார்.