தறி நின்றபோது கேட்ட குரல்

எனக்கு அந்தத் தாகம் போன வருடம் சித்திரையில் ஆரம்பித்தது. சிரிக்காதீர்கள். சங்கரன்கோவில் வெயிலில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் இது தொண்டையில் இல்லை, நெஞ்சுக்குக் கீழே எங்கேயோ இருந்தது. சொம்பு சொம்பாகக் குடித்தேன், வயிறு உப்பியதே தவிர தாகம் அப்படியே நின்றது. சுகர் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நம்ம டேங்க்க நீயே காலி பண்ணிருவ போலுக்கே" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

எனக்கு ஒரு குறையும் கிடையாது. வீடு கட்டியாயிற்று, மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனால் அப்போது சபைக்குப் போவது கிறிஸ்மஸுக்குப் புதுச் சேலை கட்டத்தான். எல்லாம் இருந்தும் உள்ளே வெறுமையாக இருந்தது. அதை யாரிடம் சொல்ல?

நான் வேலை பார்ப்பது விசைத்தறிக் கூடத்தில். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வோம், உதட்டைப் பார்த்தே பதிலும் சொல்லிவிடுவோம். பக்கத்துத் தறியில் நிற்கும் புஷ்பம் மதினியின் உதடு எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். சினிமாப் பாட்டுப் பாடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

என் தறிக்கு எதிரே பின்பக்கத்து ஜன்னல். கண்ணாடி முழுக்கப் பஞ்சுத் தூசி. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், அந்த ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி நிற்பதைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்த கிழவி. என்னையே பார்த்தபடி, "தண்ணி... தண்ணி..." என்று உதட்டை அசைத்தாள்.

தறியை நிறுத்திவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்பக்கம் யாருமில்லை. தகரக் கூரை போட்ட பழைய கிணறு ஒன்றுதான் இருந்தது. சுற்றிலும் ஒரே இருட்டு, வெயில் உள்ளே வராத இடம். திரும்பித் தறிக்கு வந்தால் மறுபடியும் ஜன்னலில் அவள்.

தினமும் வந்தாள். நான் கிணற்று மேட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வைக்க ஆரம்பித்தேன். மறுநாள் சொம்பு காலியாக இருக்கும். காக்காய் குடித்திருக்கலாம். ஆனால் அவள்தான் குடித்தாள் என்றே நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை, பைத்தியம் என்பார்களே.

ஒரு நாள் அவள் வேறு வார்த்தை சொன்னாள்: "வா."

போனேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். கூரை ஓட்டை வழியே விழுந்த வெயிலில், அடியில் இருந்த தண்ணீரில் அவள் நின்றாள். அதே நரைத்த தலை. எனக்குப் பயமே வரவில்லை. அங்கே போனால் இந்தத் தாகம் தீர்ந்துவிடும் என்று மட்டும் தோன்றியது. மேட்டில் ஏறி ஒரு காலை உள்ளே தொங்கவிட்டேன்.

அந்த நொடியில் கரண்ட் போயிற்று.

கூடத்தில் அத்தனை தறியும் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் ஒரு குரல் மட்டும் நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது. "ஆண்டவரே, செல்வராணிய விட்ராதீரும்! அவ தாகத்த நீர்தான் தீக்கணும்!"

புஷ்பம் மதினியின் குரல். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தவர், தறி நின்றதும் நிறுத்த மறந்துவிட்டார். அது பாட்டே இல்லை! ஜெபம், அதுவும் என் பெயரைச் சொல்லி. காலை வெளியே எடுத்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என்னைத் தேடி ஓடிவந்த மதினி கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, தெனமும் அந்த ஜன்னலப் பாத்து யார்ட்ட தண்ணி தண்ணின்னு கேக்க? ஒன் ஒதட்டப் பாத்துட்டுத்தான் ஒனக்காவ ஜெபிக்கேன்."

"நானா? அந்த ஜன்னல்ல நிக்க கெழவில்லா மதினி கேக்கா!"

கரண்ட் வந்து விளக்கு எரிந்ததும் என்னை உள்ளே கூட்டிப்போய் ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினார். அவள் நின்றாள். மதினி என் பக்கத்தில் வந்து கையைத் தூக்கினார். கண்ணாடியிலும் அவளுக்குப் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. "நல்லாப் பாருட்டி. ஒன் மூஞ்சிதான். தலையில இருக்கது பஞ்சு."

வெளியே இருட்டு, உள்ளே டியூப் லைட். அத்தனை நாளும் என்னைத்தான் பார்த்திருக்கிறேன். கேட்டதும் நான்தான், கொண்டுபோய் வைத்ததும் நான்தான். அன்று தறிக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டேன். "இயேசப்பா, எனக்கு நீர் வேணும்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. எழுந்தபோது நெஞ்சுக்குக் கீழே குளிர்ந்திருந்தது. அந்தத் தாகம் திரும்ப வரவில்லை. இப்போது ஞாயிறு தவறாமல் சபையில் இருக்கிறேன், பழைய சேலையிலேயே.

அன்று அந்தத் தெருவில் வேறெந்தக் கூடத்திலும் கரண்ட் போகவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, எங்கள் ஒயரிலும் ஒரு குறையும் இல்லை என்றார். நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது. ஆண்டவருக்கே நன்றி.

எல்லாம் இருந்தும் ஏதோ இல்லை என்று தவிக்கிறவர்கள் இங்கே இருந்தால், இயேசுவிடம் கேளுங்கள். யாருக்கும் கேட்காத சத்தத்துக்குள் நின்றுகொண்டு கேட்டாலும் அவருக்குக் கேட்கும். அந்த ஜன்னலை நான் இன்னும் துடைக்கவில்லை. அந்த நரைத்த தலைக்காரி தினமும் வருகிறாள். அவள் உதடும் அசைகிறது, ஆனால் இப்போது அவள் ஜெபிக்கிறாள்.